தத்தி என்று யாரைச் சொல்கிறோம்?

உடம்பின் தடுமாற்றத்தைச் சொல்லத் தமிழில் வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. நடை பழகும் குழந்தை 'தத்தக்கா பித்தக்கா' என்று நடக்கிறது. அதில் கொஞ்சல் இருக்கிறது. அதே குழந்தை எட்டு வயதில் சோற்றுத் தட்டருகே இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டால் 'கையில என்ன ஓட்டையா?' என்கிறோம். பன்னிரண்டு வயதிலும் பந்து பிடிக்க வராமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றால் 'தத்தி' என்று பெயரே வைத்துவிடுகிறோம். கை காலைப் பற்றிய பேச்சாகத் தொடங்குகிற இந்தச் சொல், புத்தியைப் பற்றிய தீர்ப்பாக முடிகிறது. கைவேலை வராதவன், கவனமில்லாதவன், மந்தபுத்திக்காரன் ஆகிய மூன்று குற்றச்சாட்டுகளையும் ஒரே மூச்சில் ஒரு பிள்ளைமீது சுமத்துகிறோம்.

இந்த மூன்றும் வெவ்வேறு என்று நரம்பியல் காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளைக்கு ஷூ லேஸ் கட்ட வராமல் இருக்கலாம். எல்லோரையும்விடக் கூடுதலாகக் கவனம் வைக்கிற பிள்ளையே அதிகம் சிந்தலாம். அது எப்படி என்று விளங்க வேண்டுமானால், தடுமாறாத கை எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு எவர்சில்வர் தம்ளரில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கிறது. கையை நீட்டி எடுக்கிறோம். 1980களில் ஸ்வீடனின் உமியோ நகரில் ரோலண்ட் யோஹான்சனும் கோரன் வெஸ்ட்லிங்கும் இது போன்ற ஒரு சின்ன வேலையைத்தான் அளந்து பார்த்தார்கள். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஒரு பொருளைப் பிடித்துத் தூக்கச் சொன்னார்கள். விரல்கள் எவ்வளவு அழுத்துகின்றன, பொருளை எவ்வளவு விசையோடு மேலே இழுக்கின்றன என்பதைக் கருவிகள் பதிவுசெய்தன. இரண்டு விசைகளும் கைகோத்துக்கொண்டு ஏறின. பொருள் நழுவாமலிருக்கத் தேவையான அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக மட்டும் விரல்கள் அழுத்தின. பொருளின் மேல் பட்டுத்துணி சுற்றியிருந்தால் பிடி இறுகியது, உப்புத்தாள் ஒட்டியிருந்தால் தளர்ந்தது. விரல்நுனிகளை மரத்துப்போகச் செய்தபோது இந்த நுட்பமான கணக்கு குலைந்தது.

இந்தக் கணக்கை யாரும் தெரிந்து போடுவதில்லை. தொடுவதற்கு முன்பே எடையை மூளை ஊகித்துவிடுகிறது. நிறைந்திருக்கிறது என்று நினைத்துக் காலி கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது அது சட்டென்று மேலே வந்துவிடுகிறதே, அந்த ஊகம் பொய்த்த கணம் அது. ஊகம் எதற்குத் தேவைப்படுகிறது? செய்தி போய்வர நேரம் பிடிக்கிறது, அதனால்தான். கண்ணில் பட்டதை வைத்துக் கையின் போக்கைத் திருத்த ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். விரைந்து நீளும் கை அதற்குள் பல சென்டிமீட்டர் போய்விடும். ஆகவே 'கை இப்போது எங்கே இருக்கிறது' என்ற கேள்வியோடு 'அடுத்த கணம் எங்கே இருக்கப்போகிறது' என்ற கேள்விக்கும் மூளை ஓயாமல் விடை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை தருவது நம்மில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு புலன். கண்ணை மூடிக்கொண்டு மூக்குநுனியைத் தொட்டுப் பாருங்கள். விரல் நேராக வந்து சேர்கிறது. தசைகளுக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் என்ற நுண்ணுறுப்புகள், தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தசைநாண்களில் உள்ள உணர்விகள் இழுவிசையைச் சொல்கின்றன. இவை சேர்ந்து தரும் உடல்நிலை உணர்வுக்கு 1906இல் பிரிட்டிஷ் உடலியலாளர் சார்லஸ் ஷெரிங்டன் அறிவியல் பெயர் சூட்டினார். அவருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் புலன் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயரின் வாழ்க்கை சான்றாக இருக்கிறது. 1971இல், 19 வயதில், அவருக்கு ஒரு தொற்றுக் காய்ச்சல் வந்தது. அதைத் தொடர்ந்து அவருடைய உடலின் எதிர்ப்பாற்றலே கழுத்துக்குக் கீழே உள்ள உணர்வு நரம்பிழைகளில் பருமனானவற்றைத் தாக்கி அழித்துவிட்டது. வலியும் சூடும் குளிரும் தெரிந்தன. தசைகளுக்கு ஆணை கொண்டுபோகும் நரம்புகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தொடுவுணர்வும் உடல்நிலை உணர்வும் அடியோடு போய்விட்டன. படுக்கையில் கிடந்தவருக்குத் தன் கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எழுந்திரு என்று உடம்புக்குச் சொன்னால் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனது. இனி சக்கர நாற்காலிதான் என்றார்கள் மருத்துவர்கள்.

வாட்டர்மேன் ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்தே உடம்பை இயக்கக் கற்றுக்கொண்டார். எழுந்து உட்காரக் கற்றுக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. ஒரு அடி எடுத்துவைக்க வேண்டுமென்றால் காலைப் பார்க்க வேண்டும், எந்தத் தசை எவ்வளவு என்று யோசிக்க வேண்டும், உடம்பின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணிக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைத்து நடந்தார், பிறகு வேலைக்கும் போனார், காரும் ஓட்டினார். இத்தனைக்குப் பிறகும், அவர் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென விளக்கு அணைந்தால் தரையில் விழுந்துவிடுவார். நரம்பியல் மருத்துவர் ஜொனாதன் கோல் அவரோடு பல ஆண்டுகள் பழகி, 1991இல் அவரைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நம்மையறியாமல் நாம் செய்யும் ஒரு சாதாரண நடைக்கு முழு நினைவோடு விலை கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்பதை இவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் வேறு யாருமில்லை என்று நினைக்கிறேன்.

இதே உணர்வு பிறவியிலேயே குறைந்திருப்பவர்களும் உண்டு. பீசோ2 என்ற மரபணு வேலை செய்யாத இரண்டு நோயாளிகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் எழுதினார்கள். கண்ணைக் கட்டினால் அவர்களால் நடக்க முடியவில்லை. அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாவது கேள்வியான 'அடுத்த கணம்' சிறுமூளையின் பொறுப்பு. தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே இருக்கும் இந்த உறுப்பு மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறத்தாழ 6,900 கோடி இங்கேதான் இருக்கின்றன. 1824இல் ஃப்ரெஞ்சு உடலியலாளர் பியர் ஃப்ளூரான்ஸ், புறாக்களின் சிறுமூளையை அகற்றிப் பார்த்து ஒரு விஷயத்தைக் குறித்துவைத்தார். அவை அசையும் வலிமையை இழக்கவில்லை, அசைவுகளை ஒன்றுசேர்க்கும் திறனைத்தான் இழந்தன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களின் தலைக்கவசம் பின்மண்டையின் கீழ்ப்பகுதியை மறைக்காததால், சிறுமூளையில் குண்டடி பட்டு வந்தவர்கள் பலர். அவர்களைப் பரிசோதித்த கோர்டன் ஹோம்ஸ், கை இலக்கைத் தாண்டிப் போவது, அசைவுகள் துண்டு துண்டாக உடைவது, பிடியை விட வேண்டிய நேரத்தில் விட முடியாமல் போவது ஆகியவற்றை நுணுக்கமாக எழுதிவைத்தார். அவருடைய நோயாளி ஒருவர், பாதிக்கப்படாத கை தானாக வேலை செய்கிறது, பாதிக்கப்பட்ட கைக்கு மட்டும் ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று சொன்னாராம். வாட்டர்மேனின் அனுபவத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். காரணம் வேறு, ஆனால் சுமை ஒன்றுதான்.

சிறுமூளை என்ன செய்கிறது என்பதற்கு இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது. தசைக்கு ஆணை போகும்போதே அதன் நகல் ஒன்று சிறுமூளைக்கும் போகிறது. இந்த ஆணையால் என்ன விளையும், என்ன உணர்வு திரும்பி வரும் என்று சிறுமூளை முன்கூட்டியே கணிக்கிறது. உண்மையில் வந்த உணர்வோடு ஒப்பிட்டு, பிசகு இருந்தால் அடுத்த முறைக்குக் கணிப்பைத் திருத்திக்கொள்கிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இந்தக் கணிப்பால்தான். சேரா-ஜேன் பிளேக்மோரும் அவருடன் பணியாற்றியவர்களும் லண்டனில் 1998இல் மூளைப் படங்கள் எடுத்து இதில் சிறுமூளைக்குப் பங்கிருப்பதைக் காட்டினார்கள். மறுபடி மறுபடி செய்தால் கை பழகுவதற்கும் இந்தத் திருத்தம்தான் அடிப்படை.

கைப்பழக்கம் என்றால் ஒரே அசைவை அச்சு மாறாமல் திரும்பச் செய்வது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். மாஸ்கோவில் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் இதைப் பொய்யாக்கினார். 1920களில் அங்கிருந்த மத்திய உழைப்பு ஆய்வு நிறுவனத்தில், சுத்தியலால் உளியை அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் மூட்டுகளில் சின்னச் சின்ன விளக்குகளைப் பொருத்திப் படமெடுத்தார். சுத்தியலின் முனை அடிக்கு அடி கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை ஒவ்வொரு அடியிலும் வேறு வேறு வழியில் போயின. ஒரு மூட்டில் நேர்ந்த பிசகை இன்னொரு மூட்டு அந்தக் கணமே ஈடுகட்டியது. தேர்ச்சி என்பது ஒவ்வொரு முறையும் சிக்கலைப் புதிதாகத் தீர்க்கும் திறமை என்றார் அவர். கற்றுக்குட்டியின் கை விறைத்துக்கொள்வதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. இத்தனை மூட்டுகளை ஒரே நேரத்தில் ஆள முடியாததால், மூளை சிலவற்றைப் பூட்டிவைத்துவிடுகிறது. சைக்கிள் பழகும்போது ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்தி வைத்திருப்போமே, அது இந்தப் பூட்டுதான். பழகப் பழக ஒவ்வொரு பூட்டாகத் திறக்கிறது. கைத்திறனைப் பற்றி அவர் 1940களில் எழுதி முடித்த அருமையான நூல், அரசியல் நெருக்கடியால் முடங்கிக் கிடந்து, அவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து 1991இல்தான் அச்சேறியது.

எல்லோருக்குமே சில வேளைகளில் இந்த ஏற்பாடு தளரும். தூக்கம் கெட்டால், குளிரில் விரல் மரத்தால், மது உள்ளே போனால் கை பிசகும். சில பிள்ளைகளுக்கு மட்டும் இந்தத் தளர்வு தற்காலிகமானதாக இல்லாமல், பிறந்ததிலிருந்தே கூட இருக்கிறது. இவர்களுக்கு மருத்துவம் ஒரு நல்ல பெயர் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1937இல், எழுத்தும் பேச்சும் வராத பிள்ளைகளைப் பற்றிய தன் நூலில் இயல்புக்கு மீறிய தடுமாற்றத்தையும் ஒரு தனிக் குறைபாடாகச் சேர்த்தார். 1962இல் ஜான் வால்டனும் வேறு இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'கிளம்ஸி' பிள்ளைகள் என்ற சொல் இருந்தது. 1975இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சாசன் கப்பே தன் நூலுக்கும் அதே சொல்லைத் தலைப்பாக வைத்தார். மருத்துவக் குறிப்பிலேயே ஒரு வசைச்சொல் நோயின் பெயராக உட்கார்ந்திருந்த காலம் அது. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 'வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பெயரைக் கொண்டுவந்தது. 1994இல் கனடாவின் லண்டன் நகரில் கூடிய வல்லுநர்கள் இனி எல்லோரும் இந்தப் பெயரையே பயன்படுத்துவோம் என்று ஒத்துக்கொண்டார்கள். சுருக்கமாக டி.சி.டி. பொதுப் பேச்சில் டிஸ்ப்ராக்ஸியா என்ற பெயரும் புழங்குகிறது. ஹாரி பாட்டர் படங்களின் நாயகன் டேனியல் ராட்க்ளிஃப் தனக்கு இது லேசாக உண்டு என்று 2008இல் வெளிப்படையாகச் சொன்ன பிறகு இந்தப் பெயரைப் பலரும் கேள்விப்பட்டார்கள்.

இது அரிய நோய் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 அல்லது 6 பேருக்கு இருப்பதாகக் கணக்கு. அப்படியானால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பில் இரண்டு பிள்ளைகள். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளில் கூடுதலாகக் கண்டறியப்படுகிறது. 32 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளுக்கு வாய்ப்பு பல மடங்கு அதிகம். கவனக்குறைபாட்டு மிகைச்செயல் கோளாறும் இதுவும் ஏறத்தாழ பாதிப் பேரிடம் சேர்ந்தே இருக்கின்றன. அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூளை முடக்குவாதமோ பார்வைக் குறைபாடோ அறிவு வளர்ச்சிக் குறைபாடோ காரணமாக இருந்தால் அதற்கு டி.சி.டி. என்று பெயரிடுவதில்லை. சாதாரணமாக ஐந்து வயதுக்கு முன்பு இந்தப் பெயரைச் சூட்டுவதுமில்லை, ஏனென்றால் சிறு குழந்தைகள் பழகும் வேகத்தில் இயல்பாகவே பெரிய வேறுபாடு உண்டு.

வீட்டில் இது எப்படித் தெரியும்? சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி கீழே சிந்தும். பொத்தான், ஜிப், பெல்ட் எல்லாம் போராட்டம். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாத பிடி. வகுப்பில் நாலு கோடு நோட்டில் எழுத்து கோட்டைத் தாண்டும், பென்சில் முனை ஒடியும், கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார்கள். வாயால் கேட்டால் பதில் கடகடவென்று வரும், தாளில் வராது. விளையாட்டு நேரத்தில் அணி பிரிக்கும்போது கடைசியாக மிச்சமிருக்கும் பிள்ளை. கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளையே 'எனக்கு விளையாட்டு பிடிக்காது' என்று சொல்லத் தொடங்கும். என்னை அதிகம் வருத்துவது இந்த இடம்தான். ஓடியாடாததால் உடம்பு வலுவிழக்கிறது, எடை ஏறுகிறது, பதற்றமும் தாழ்வு மனப்பான்மையும் சேர்கின்றன. குறைபாடு தந்த துன்பத்தைவிட நாம் அதற்குக் கொடுத்த பெயர் தந்த துன்பம் பெரிதாகிவிடுகிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்ற ஆறுதலும் உண்மை இல்லை. பாதிப் பேருக்கு மேல் பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும் சிரமம் தொடர்கிறது. பெரியவர்களானதும் கார் ஓட்டப் பழகுவது போன்ற புது வேலைகளில் அது மறுபடி தலைகாட்டும்.

இந்தப் பிள்ளைகளின் மூளையில் எது பிசகுகிறது என்பதற்கு முன்னணியில் நிற்கும் விளக்கம், மேலே சொன்ன கணிப்புதான். ஆணையின் விளைவை முன்கூட்டி ஊகிப்பதும், பிசகிலிருந்து அந்த ஊகத்தைத் திருத்துவதும் இவர்களுக்கு மெதுவாகவும் துல்லியக் குறைவாகவும் நடக்கின்றன. ஊகம் சரியில்லாதபோது கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது, கண்ணோ தாமதமாகத்தான் சொல்லும். மற்றவர்களுக்குத் தானாக நடக்கும் வேலைகள் இவர்களுக்குத் தானாக நடக்கும் நிலையை எட்டுவதில்லை. ஒவ்வொரு முறையும் நினைவைச் செலவழித்தே செய்கிறார்கள். அதனால்தான் மாலையில் பள்ளி விட்டு வரும்போது அப்படிச் சோர்ந்து போகிறார்கள்.

இவர்களிடம் 'கவனமா செய்' என்று சொல்வது எவ்வளவு பொருந்தாத அறிவுரை என்பது இப்போது புரியும். கவனம் ஏற்கெனவே கடைசிச் சொட்டு வரை செலவாகிவிட்டது. தடுமாற்றம் இல்லாதவர்களுக்கேகூட, கை காலின்மேல் கவனத்தை வைத்தால் அசைவு கெடுகிறது. காப்ரியேல வுல்ஃபும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட சோதனையில், பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் நின்றவர்களில் ஒரு சாராரிடம் உங்கள் பாதங்களைக் கவனியுங்கள் என்றார்கள். இன்னொரு சாராரிடம் பாதத்துக்குக் கீழே இருக்கும் சக்கரங்களைக் கவனியுங்கள் என்றார்கள். சக்கரத்தைக் கவனித்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். உடம்பைத் தன் போக்கில் விட்டு, நடக்க வேண்டிய விளைவில் கண் வைப்பது பெரும்பாலும் நல்லது. 'கையை ஆட்டாதே' என்பதைவிட 'தண்ணீர் விளிம்பைத் தொடாமல் கொண்டு வா' என்பது நல்ல வாக்கியம்.

சிகிச்சை என்று மாத்திரை எதுவும் கிடையாது. ஆனால் பயிற்சியால் பலன் உண்டு. எந்தப் பயிற்சி என்பதில் தெளிவு வேண்டும். பொதுவாகச் சமநிலையை வளர்க்கிறோம், புலன்களைத் தூண்டுகிறோம் என்ற முறைகளைவிட, பிள்ளைக்கு வராத அதே வேலையை எடுத்துப் படிப்படியாகப் பழக்கும் முறைகளுக்கே ஆதாரம் வலுவாக இருக்கிறது. 2012இலும் 2019இலும் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் அதைத்தான் பரிந்துரைக்கின்றன. கனடாவில் ஹெலீன் பொலட்டாய்கோவும் ஏஞ்சலா மாண்டிச்சும் உருவாக்கிய முறையில், என்ன கற்க வேண்டும் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கிறது. எப்படிச் செய்யலாம் என்று திட்டம் போடுகிறது, செய்து பார்க்கிறது, திட்டம் பலித்ததா என்று சரிபார்க்கிறது. பெரியவர் விடையைச் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். 'பால் ஏன் வெளியே ஊற்றுது?' 'தம்ளர் ஆடுது.' 'ஆடாம இருக்க என்ன செய்யலாம்?' 'இன்னொரு கையால பிடிச்சுக்கலாம்.' இதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்போது, ஊகம் விட்ட இடத்தை அறிவு ஈடுகட்டுகிறது. மந்தபுத்தி என்று நாம் பழிக்கிற அந்த அறிவுதான் இங்கே பிள்ளைக்குக் கை கொடுக்கிறது. பயிற்சி நீளமாக இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி இருக்க வேண்டும், பிள்ளைக்கு வேண்டிய வேலையாக இருக்க வேண்டும். இதில் தேர்ந்தவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளும் பிசியோதெரபிஸ்டுகளும்.

பள்ளிகள் செய்யக்கூடியவை பல, பெரும்பாலும் செலவில்லாதவை. எழுத்தின் அழகுக்கு மதிப்பெண் குறைக்காமல் இருக்கலாம், எழுத நேரம் கூடுதலாகத் தரலாம், வாய்மொழியாகக் கேட்கலாம், தட்டச்சு செய்ய விடலாம். இது கருணை சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை விளக்கும் இடத்தில் டிஸ்லெக்ஸியாவோடு டிஸ்ப்ராக்ஸியாவையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னேற்ற அறிக்கையில் 'கவனக்குறைவு' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். பந்து பிடிக்க முடிவதில்லை, எழுத மற்றவர்களைவிட இரட்டிப்பு நேரம் ஆகிறது, கத்தரிக்கோலைப் பிடிக்கத் தெரியவில்லை என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். அந்த வரிகளை வைத்து ஒரு மருத்துவரால் மேற்கொண்டு பார்க்க முடியும்.

பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று மிச்சமிருக்கிறது. டி.சி.டி. சிறு வயதிலிருந்தே இருப்பது, நாளுக்கு நாள் மோசமாவதில்லை. நேற்று வரை நன்றாக ஓடிய பிள்ளை இன்று தடுமாறினால், வந்துகொண்டிருந்த வேலைகள் வராமல் போனால், தலைவலியும் காலை வாந்தியும் சேர்ந்து வந்தால், ஆண் பிள்ளை தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றி ஊன்றி எழுந்தால், அது வேறு. தசையிலோ மூளையிலோ நோய் இருக்கலாம். பழகினால் வந்துவிடும் என்று காத்திருக்காமல் உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள்.